பின்லாந்து தேசம் வாங்கிய அமெரிக்க விமானம்

(கிராம ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர் வகுப்பில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இவ்வகுப்பில் எனக்குக் குறிக்கப்பட்ட விஷயம் "பொதுச் சொத்தும் அதன் பராமரிப்பும்" என்பது. அதைச் சட்ட விதிகளின் வரிசைப்படி நான் ஒப்புவித்தால் உங்களிற் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள்; மத்தியான போஜனத்துக்குப் பிந்திய இந்த வேளையும் அதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. ஆகையால் விதிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு சிறு தேசத்தின் ஆகாயப்படை யுத்த காலத்தில் அந்நிய நாட்டுச் சண்டை விமானம் ஒன்றை வாங்கி, அதைத் தனதாக்கிக்கொண்ட வரலாற்றைச் சொல்லப்போகிறேன். சங்கத்தின் பேரில் ஓர் எண்ணெய் என்ஜின் வாங்க வேண்டுமென்று பஞ்சாயத்தார் கூடும்போதெல்லாம், விலை என்ன, குதிரைச் சக்தி எத்தனை என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் எழுகின்றன. என்ஜின் வந்து இறங்கிய மறுநாள் முதல் அதற்கு யார் பொறுப்பு என்பதை ஒருவரும் கேட்பதில்லை. நான் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் அந்த மறுநாளைப் பற்றியதே.

பின்லாந்து ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள தேசம். ஏரிகளும் காடுகளும் பனியும் நிறைந்தது. 1939-ம் வருஷத்தில் அதன் ஜனத்தொகை ஏறக்குறைய 37 லட்சம்.  ஐக்கிய இயக்கத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு அத்தேசம் புதிதன்று. அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த காலத்திலேயே, 1899-ல், ஹன்னெஸ் கெப்ஹார்ட் என்னும் அறிஞர் முதலியோர் பெல்லெர்வோ என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். விதைப்புக்குரிய ஒரு பழைய தெய்வத்தின் பெயரை ஒட்டியே அப்பெயர் வைக்கப்பட்டது. 1902-ல், அதாவது நம் தேசத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறப்பதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பாகவே, கிராம நாணய சங்கங்களுக்கு மூலதனம் கொடுக்கும் மத்திய நிதி ஒன்று அங்கே ஏற்பட்டுவிட்டது. 1905-ல் வெண்ணெய்ப் பண்ணைகள் ஒன்றுகூடி வாலியோ என்ற மத்திய சங்கத்தை அமைத்தன. 1917 டிசம்பர் 6-ந் தேதி தேசம் சுதந்தரம் அடைந்தது.

1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் ருஷ்யா அந்நாட்டின்மீது படையெடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் பின்லாந்துக்காரர் தனித்து நின்று போர் செய்தார்கள். அவர்களிடம் இருந்த சண்டை விமானங்களோ மிகச் சொற்பம். ஹாலந்து தேசத்து மாதிரியான போக்கர்களே அவற்றில் முக்கியமானவை. அவசரத்திலே சந்தைக்குப் போகிறவனுக்குப் பொறுக்கி எடுக்க ஏது அவகாசம்? இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று பல தேசங்களிலிருந்தும் கிடைத்ததை எல்லாம் வாங்கினார்கள். அந்த வரிசையிலே வந்ததுதான் அமெரிக்காவின் புரூஸ்டர் விமானம்.

அதைச் செய்தவர்கள் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூஸ்டர் விமானக் கம்பெனியார். குதிரை வண்டி செய்வதில் பெயர்பெற்ற ஒரு பழைய ஸ்தாபனத்தின் வழிவந்த கம்பெனி அது. அமெரிக்கக் கடற்படை, விமானத் தாங்கிக் கப்பல்களில் வைத்துக்கொள்வதற்காக 1938-ல் 54 விமானங்களுக்கு அக்கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தது. இரட்டைச் சிறகு விமானங்களையே சண்டைக்கு வைத்திருந்த அப்படைக்கு, ஒற்றைச் சிறகுச் சண்டை விமானம் இதுவே முதலாவது. வேகம் மணிக்குச் சுமார் 300 மைல். குட்டையாய், நடுவிலே பருத்து, பீப்பாய்க்குச் சிறகு முளைத்தாற்போன்ற உருவம். பிற்பாடு இங்கிலீஷ்காரர் இவ்வினத்துக்கு "பபலோ", அதாவது எருமை, என்று பெயரிட்டார்கள். அப்பெயர் பெருமைக்காக வைக்கப்பட்டதோ அல்லவோ, நம்மைப் போன்ற பாற்பண்ணைக்காரர் எருமையை இகழ நியாயமில்லை.

அமெரிக்கா அப்பொழுது யுத்தத்தில் சேராத நாடு. தன் படையின் விமானத்தைப் போரிடும் ஒரு தேசத்துக்கு நேராக விற்பது எளிதன்று. ஆகவே கடற்படையார் 11 விமானங்களை மாத்திரம் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு, பாக்கியை இப்போதைக்கு வேண்டாதவை என்று கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாகத் திருத்தியமைத்த புது மாதிரியைப் பின்னால் பெற்றுக்கொள்வதென்று ஏற்பாடு. கம்பெனி பின்லாந்துக்கு 44 விமானங்கள் விற்றது. ஒப்பந்தம் 1939 டிசம்பர் 16-ந் தேதி கையெழுத்தாயிற்று. யுத்தம் தொடங்கிப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. கப்பலுக்குரிய கொக்கி, மிதவை முதலிய கடற்படைச் சாமான்கள் கழற்றப்பட்டன. சுமார் 950 குதிரைச் சக்தியுள்ள ரைட் சைக்லோன் என்ஜின் பொருத்தப்பட்டது. ஒன்பது சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் வட்டமாக நிற்க, காற்றினாலேயே குளிரும் என்ஜின் அது.

விமானங்கள் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறி, நார்வே தேசத்துப் பெர்கன் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் ஸ்வீடனுக்குப் போய், டிரால்ஹேத்தன் என்ற ஊர்த் தொழிற்சாலையில் பூட்டப்பட்டு, அங்கிருந்து பின்லாந்துக்குப் பறந்தன. இத்தனை தூரம் சுற்றி வருவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. 1940 மார்ச்சு 13-ந் தேதி சண்டை நின்றபொழுது வந்து சேர்ந்திருந்தவை சிலவே. அவற்றில் ஒன்றாவது போர்முகத்தைப் பார்க்கவில்லை. சமாதான உடன்படிக்கையினால் கரேலியாவின் பெரும்பாகம் பறிபோய், சுமார் நாலு லட்சம் ஜனங்கள் வீடும் நிலமும் விட்டு வர நேர்ந்தது. கையில் மிஞ்சியது, வேளைக்கு உதவாமல் பிந்தி வந்த ஒரு விமானக் கூட்டம்.

இதுபோன்ற நிலைமையில் நம்மவர் என்ன செய்வோம்? ஒரு சங்கத்தில் அறுவடை கடந்தபின் வந்து சேர்ந்த என்ஜினைச் சாக்குப் போர்த்திக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். மறுவருஷம் எடுத்தபொழுது எலி கூடு கட்டியிருந்தது. தாமதத்துக்கு விற்றவன்மேல் ஒரு மகஜர் எழுதியதோடு பஞ்சாயத்தார் தங்கள் கடமை தீர்ந்ததாக எண்ணினார்கள். பின்லாந்துக்காரருக்கோ அடுத்த யுத்தம் வரையில் பதினைந்து மாத அவகாசம் கிடைத்தது. அந்தப் பதினைந்து மாதங்களில் அவர்கள் செய்ததைத்தான் நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, விமானத்தைத் தங்கள் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அமெரிக்கக் கருவிகள் அடியிலும் அங்குலத்திலும் மைலிலும் அளவு காட்டுபவை. இவர்கள் பழகியதோ மீட்டரும் கிலோமீட்டரும். நெருக்கடியில் விமானி மனத்துக்குள் கணக்குப்போட்டுக்கொண்டிருக்க முடியாதென்று அளவுக் கருவிகளை மாற்றினார்கள். விமானியின் முதுகுப்புறத்தில் இரும்புக் கவசம் வைத்தார்கள். குறி பார்க்கும் கருவியைத் தங்கள் தேசத்திலேயே செய்து பொருத்தினார்கள். கப்பல் தளத்துக்கென்று அமைந்த சிறிய வால் சக்கரம் அந்நாட்டு மண்தரைகளுக்கு ஒத்துவரவில்லை, அதையும் பெரிதாக்கினார்கள். இவை ஒவ்வொன்றும் அற்ப வேலையாகத் தோன்றும். ஆனால் எது பொருந்தவில்லை என்று தினந்தோறும் அதில் ஏறி இறங்குகிறவனைக் கேட்டறிந்து செய்த வேலைகள்.

இரண்டாவது, என்ஜின். சைக்லோன் என்ஜின் வலியதுதான்; ஆயினும் எண்ணெய் விஷயத்தில் தொந்தரவு கொடுத்து, நம்பத்தகாததாக இருந்தது. எண்ணெய் என்ஜின் வைத்திருப்பவர்களுக்குப் பிஸ்டன் ரிங் என்றால் தெரியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள அவ்வளையங்களில் சில, வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாமல் காக்கும். சில, சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயை அளவாக வழித்துவிடும். பின்லாந்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ரிங்கை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். கோளாறு பெரும்பாலும் நீங்கிவிட்டது! புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. திறந்து பார்க்கத் துணிந்தார்கள் என்பதே விசேஷம். என்ஜினுடைய மூடியைக் கழற்றினால் கம்பெனிக்காரன் பொறுப்பு நீங்கிவிடும் என்று பயந்து, கெட்ட என்ஜினைக் கெட்டபடியே வைத்துப் பாதுகாக்கும் சங்கங்கள் சில எனக்குத் தெரியும்.

மூன்றாவது, ஆட்கள். புரூஸ்டர்களைப் பெற்றது 24-வது விமானத் தொகுதி. அதன் தலைவர் குஸ்டாப் எரிக் மாக்னுஸ்ஸன் என்பவர் பயிற்சியில் மிகக் கண்டிப்பானவர். அக்காலத்தில் பல தேசத்து ஆகாயப்படைகள் மூன்று மூன்று விமானங்களாக நெருங்கிப் பறந்துகொண்டிருந்தன. அவ்விதம் பறக்கும் விமானிகளுக்குப் பக்கத்து விமானத்தில் இடித்துக்கொள்ளாமல் பார்ப்பதே முழு வேலையாகிவிடும். பின்லாந்துக்காரர் 1930-களிலேயே அதை விட்டு, இருவர் ஒரு ஜோடியாகவும், இரண்டு ஜோடி சேர்ந்து நால்வராகவும், இடைவெளி விட்டுப் பறக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். ஒருவன் தாக்கும்போது மற்றவன் அவன் முதுகைக் காப்பான். நெருங்கிப் போய்ச் சிறிது நேரமே சுட வேண்டும், சுட்டது வீண்போகக்கூடாது என்பதில் விடாத பயிற்சி. தோட்டாவும் விமானமும் சொற்பமாக உள்ள தேசத்துக்குச் சிக்கனம் ஒரு யுத்த தந்திரமாகவே ஆகிவிட்டது.

1941 ஜூன் 25-ந் தேதி மறுபடி யுத்தம் வந்தது. இம்முறை பின்லாந்து ஜெர்மனியின் பக்கத்தில் நின்றது. பிரிட்டன் அவ்வருஷம் டிசம்பர் 6-ந் தேதி அதன்மீது யுத்தம் அறிவித்தது. அந்த ராஜ்ய விவகாரத்தின் நியாய அநியாயம் இந்த வகுப்புக்குரியதன்று. முதல் நாள் காலையிலேயே இரண்டு புரூஸ்டர்கள் 27 ருஷ்யக் குண்டு விமானங்கள் கொண்ட கூட்டத்தை எதிர்த்து ஐந்தை வீழ்த்தியதாக அறிவித்தன. அதுமுதல் 1944 வசந்தம் வரையில் 24-வது தொகுதியார் புரூஸ்டர்களைக் கொண்டு 459 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு வைத்தார்கள். சண்டையில் தாங்கள் இழந்தவை 15 என்றார்கள். இன்ஸ்பெக்டர் என்ற முறையில் இங்கே ஒரு குறிப்பு எழுதவேண்டியது என் கடமை: முந்திய எண் வென்றவர் புத்தகத்திலுள்ள எண். ஆகாயச் சண்டையில் எல்லாத் தேசத்தாருமே கண்ணால் கண்டதை அதிகமாக எண்ணிவிடுவது வழக்கம். கடன் கொடுத்தவன் பேரேட்டையும் வாங்கினவன் பாஸ் புத்தகத்தையும் ஒத்துப் பார்ப்பதுபோல் இரு பக்கத்துக் கணக்கையும் ஒத்துப் பார்த்தால் 459 குறையவே செய்யும். குறைத்துக்கொண்டாலும் பெரிய வெற்றி என்பதில் சந்தேகமில்லை. 94 விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கிடப்பட்ட யூட்டிலைனன் என்ற விமானி, அவற்றில் 34-ஐப் புரூஸ்டரில் இருந்தே வீழ்த்தினார். அந்நாட்டார் இவ்விமானத்துக்கு வைத்த செல்லப் பெயர்களில் ஒன்று "வானத்து முத்து"; மற்றொன்று "பறக்கும் பீர்ப்புட்டி".

இதே விமானத்தின் கதை வேறு இடங்களில் எப்படி ஆயிற்று என்பதை நீங்கள் அறியவேண்டும். அது உங்களுக்குத் தூரத்துச் செய்தியன்று. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் எத்தனை ஆயிரம்! அவ்விடங்களை ஆகாயத்திலிருந்து காக்கவேண்டிய சண்டை விமானங்கள் பெரும்பாலும் இந்தப் புரூஸ்டர்களே. 1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் மலேயாவைத் தாக்கினார்கள். டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. புரூஸ்டர் படைகள் அதற்குள் அநேகமாக அழிந்துபோயின. அமெரிக்கர் கையிலும் அதே கதிதான். 1942 ஜூன் 4-ந் தேதி மிட்வே தீவில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் வைத்திருந்த 20 புரூஸ்டர்களில் 13 ஒரே காலையில் நாசமாயின. தப்பி வந்த விமானிகள் அதைச் சவப்பெட்டி என்று ஏசினார்கள்.

ஒரே விமானம் ஓரிடத்தில் முத்து, ஓரிடத்தில் சவப்பெட்டி. காரணம் விமானிகளின் வீரம் மாத்திரம் என்று சொன்னால் அது மலேயாவில் உயிர்விட்ட ஆஸ்திரேலிய, நியூஜீலந்து, இங்கிலீஷ் வாலிபர்களுக்குச் செய்யும் அநியாயமாகும். மலேயாவுக்கு வந்த மாதிரி பின்னால் செய்யப்பட்டது. மேலும் மேலும் சாமான் ஏற்றப்பட்டு எடை கூடியது. உஷ்ணதேசத்தில் என்ஜின் எளிதில் சூடேறியது. உயரே போனால் பெட்ரோல் சரியாக வராமல் விமானி கையால் பம்பு அடிக்க நேர்ந்தது. விமானிகளிற் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள். எதிரி வருவதை முன்கூட்டி அறிவிக்கும் ஏற்பாடு குறைவு. வந்த எதிரியோ, எடை குறைந்து, வளைந்து திரும்புவதில் நிகரற்ற விமானங்களில் ஏறிப் பழகிய தேர்ந்த ஜப்பானியர். பின்லாந்தில் எல்லாம் தலைகீழ். குளிர் என்ஜினுக்கு அனுகூலம். அவர்களுடைய விமானம் முதல் மாதிரியானபடியால் லகுவானது. 1941-ல் ருஷ்யர் அங்கே அனுப்பியவற்றில் பல பழைய மாதிரிகள். இந்த அனுகூலங்களைச் சொல்லாமல், மெக்கானிக்கின் சாமர்த்தியத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டால் அது ஒருதலைப் பக்ஷமாகும். ஆயினும் அனுகூலம் வந்தபொழுது அதை உபயோகிக்கத்தக்க நிலையில் விமானமும் ஆளும் இருந்தார்கள் என்பதையும் நீங்கள் மறக்கலாகாது.

இனி உதிரிச் சாமான் சங்கதி. பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்தபின் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆணிகூட வர வழியில்லை. 44 விமானம், விழுந்தால் ஒன்று குறையும், புதிது வராது. விழுந்ததைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் போட்டுப் பிழைப்பித்தார்கள். என்ஜினுக்கு என்ன செய்வது? இங்கேதான் ஒரு வேடிக்கை. ருஷ்யர் 1930-களில் ரைட் கம்பெனியிடமிருந்தே உரிமை வாங்கி அதே சைக்லோன் என்ஜினைத் தங்கள் நாட்டில் செய்யத் தொடங்கி, பிற்பாடு அதைச் சீர்திருத்தி எம்-63 என்ற என்ஜினாக்கியிருந்தார்கள். பின்லாந்துக்காரர், பிடிபட்ட ருஷ்ய என்ஜின்களைப் பழுதுபார்த்துச் சில புரூஸ்டர்களில் பொருத்தினார்கள். ருஷ்யாவை எதிர்த்துப் பறந்த அமெரிக்க விமானத்துக்கு ருஷ்யாவே என்ஜின் கொடுத்தது! உங்கள் என்ஜினுக்குச் சாமான் இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டால், அதே ஜாதி என்ஜின் வேறு எந்தப் பெயரில் பக்கத்து ஊரில் ஓடுகிறதென்று விசாரியுங்கள்.

அதோடு நில்லாமல், புரூஸ்டரைப் பார்த்துத் தாங்களே ஒரு விமானம் செய்யவும் முயன்றார்கள். அலுமினியம் கிடையாதாகையால் சிறகு மரத்தாலானது. ஹுமு என்று பெயரிட்ட அவ்விமானம் 1944 ஆகஸ்டு 8-ந் தேதி பறந்தது. எடை மிஞ்சிப் போயிற்று, அதற்குள் அந்த மாதிரியின் காலமும் கடந்துவிட்டது. ஒன்று செய்ததோடு கைவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எவ்விடத்தில் நிறுத்துவதென்று அறிவதும் நிர்வாகமே. உதவாதென்று தெரிந்தபின்னும் போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடும் வழக்கத்தை நான் தணிக்கைகளில் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

புரூஸ்டரிடத்திலும் அவர்கள் குருட்டுப் பற்று வைக்கவில்லை. ருஷ்யருக்குப் புது மாதிரி விமானங்கள் வரத் தொடங்கியதும், இது இனிமேல் முதல் வரிசைக்குப் போதாதென்று கண்டு, 1943-ல் ஜெர்மனியிடமிருந்து மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் வாங்கினார்கள். 1944-ல் புரூஸ்டர்கள் 26-வது தொகுதிக்குக் கைமாறின. அவ்வருஷம் செப்டம்பரில் ருஷ்யாவோடு சமாதானமாகி, உடன்படிக்கைப்படி ஜெர்மானியரைத் தேசத்தைவிட்டு ஓட்டவேண்டி வந்தது. அக்டோபர் 3-ந் தேதி புரூஸ்டர்கள் ஜெர்மானியக் குண்டு விமானங்கள் இரண்டை வீழ்த்தின. அதுவே அவற்றின் கடைசிச் சண்டை வெற்றி.

செய்த கம்பெனியின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யுத்த ஆர்டர்கள் வெள்ளம்போல் வந்தன, நிர்வாகம் சீர்கெட்டிருந்தது, சொன்ன தவணைக்கு விமானம் போகவில்லை, தொழிலாளருக்கும் முதலாளிகளுக்கும் ஓயாத சச்சரவு. 1942 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உத்தரவினால் கடற்படையே தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. அதன்பின்னும் தேறாமல் 1946-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கம்பெனி கலைந்து இரண்டு வருஷத்துக்குப் பின்பும், 1948 செப்டம்பர் 14-ந் தேதி வரையில், அதன் விமானங்கள் ஐந்து பின்லாந்தில் பறந்துகொண்டிருந்தன.

இப்பொழுது மெக்கானிக் அவர்கள் பின்கட்டுக் கொட்டகையில் சங்கத்து என்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறார். பிஸ்டனில் எத்தனை ரிங் இருக்கிறது, எது எதற்கு என்று காண்பிப்பார். கையில் எண்ணெய் படுவதைப்பற்றி ஆட்சேபமில்லாதவர்கள் முன்வரிசையில் நிற்கலாம்.